அலிபாகில் கரையேறிய பாய்மரம்

மாஹுல் எண்ணெய் ஆலைகள் பக்கமிருந்து வாடை எழுந்தால் பம்பாய்ச் செம்பூரில் பட்பட்டென்று ஜன்னல்கள் மூடிக்கொள்ளும். எங்கள் வீட்டு ஜன்னல் மட்டும் கொஞ்சம் தாமதிக்கும். ஒரு சனிக்கிழமை அந்த வாடை வந்திராவிட்டால் என் மனைவி கடலுக்கே போயிருக்க மாட்டாள்.

தாராவியில் பிறந்து வளர்ந்து, இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவள். நாற்பதைத் தாண்டியபின் அவளைப் பாய்மரப் படகு மோகம் பிடித்துக்கொண்டது, காய்ச்சல் பிடிப்பதைப் போல. ஞாயிறுதோறும் துறைமுகத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த அவளுடைய படகுக் குழு கோவா வரை போவதென்று முடிவெடுத்தது. படகில் ஓர் இடம்தான் மிச்சம். அது வேண்டுமென்றால் அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் குழுத்தலைவி கொடுக்கும் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். தலைவி மராத்திக்காரி. சிரிப்பைக் கரையிலேயே இறக்கி வைத்துவிட்டுப் படகேறுகிறவள்.

கணக்குக்குப் பெயர் டெட் ரெக்கனிங். கரை தெரியாத கடலில், கிளம்பிய இடம், திசை, வேகம், ஓடிய நேரம், காற்று தள்ளிய தள்ளல் எல்லாவற்றையும் சேர்த்து, இப்போது எங்கே இருக்கிறோம் என்று ஊகிப்பது. கவிதை எழுதுகிற நான் வாழ்நாளெல்லாம் செய்துவருவது அதுதான். எனக்கு யாரும் பரீட்சை வைத்ததில்லை.

வரைபடம் சாப்பாட்டு மேசைக்கு அடங்கவில்லை. கட்டிலில் விரித்தோம். அவள் அரபிக்கடலின் மேல் மண்டியிட்டு, தூரம் அளக்கும் இரட்டைக்கால் டிவைடரை நடத்தினாள், கொக்கு நடப்பதுபோல. பயிற்சிப் புத்தகத்திலிருந்து கணக்கை வாசிப்பதும் பின்பக்கத்து விடையோடு ஒப்பிடுவதும் என் வேலை.

"பம்பாயிலேருந்து நேர் தெற்கே. வடகிழக்குக் காத்து" என்று வாசித்தேன்.

"போட்டுட்டேன். எங்க நிக்கேன்?"

குனிந்து பார்த்தேன். "அலிபாக்."

"அலிபாக் பக்கத்துலயா?"

"உள்ளே. தென்னந்தோப்பு வாசல்லே, பால்காரன் மாதிரி."

அடுத்த கணக்கில் படகு முருட் ஊருக்குள் புகுந்தது. அதற்கடுத்ததில் ரத்னகிரி மாந்தோப்பு.

"வந்தது வந்துட்டே, நாலு மாம்பழம் பறிச்சுண்டு வா."

"சும்மா இருங்க. கணக்கு பக்கா. வடகிழக்குக் காத்து வடகிழக்கதான தள்ளும்? கல்யாண் லோக்கல் எங்க போவும்? போர்டுல போட்ட ஊருக்குத்தான போவும்?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. மாட்டுங்கா ஸ்டேஷனில் அதே ரயில் போர்டுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். புத்தகம்தான் தப்பென்று இருவரும் தீர்ப்பெழுதினோம். ஆனால் நீரோட்டம் மட்டும் வருகிற கணக்குகள் எல்லாம் சரியாகவே வந்தன. அதுதான் உறுத்தியது.

பொழுது சாய்ந்தது. அவள் டிவைடரைப் போட்டுவிட்டுத் தலையணையில் சாய்ந்தாள்.

"ஆபீஸ் பூரா கோவா போறேன்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப பஸ்ல போயிட்டு வந்து கப்பல்ல போனேன்னு புளுகணும்."

சிரிக்கத்தான் நினைத்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை. அப்போதுதான் அந்த வாடை உள்ளே வந்தது.

"ஜன்னல சாத்துங்க. மாஹுல் காத்து வந்துட்டு."

எழுந்தேன்.

"சாத்தாதிய!" படுத்திருந்தவள் துள்ளி உட்கார்ந்தாள். "இத ஏன் மாஹுல் காத்துங்கோம்?"

"மாஹுல்லேருந்து வர்றதாலே."

"அரே! மாஹுலுக்குப் போறதால இல்லல்லா?"

ஜன்னலிலிருந்து கையை எடுத்தேன். காற்றுக்கு வந்த திசையின் பெயர். நீரோட்டத்துக்குத்தான் ரயிலைப் போலப் போகிற திசையின் பெயர். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஜன்னலை விரியத் திறந்து வைத்து, எல்லாக் கணக்கையும் அழித்து மறுபடி போட்டோம். தோப்புகளிலிருந்து படகுகள் ஒவ்வொன்றாக இறங்கிக் கடலுக்கு வந்தன.

ஞாயிறன்று தலைவி தென்மேற்குக் காற்றைக் கொடுத்தாள். இவள் படகைக் கரைப் பக்கமாகத் தள்ளி, ஆனால் கரையில் ஏற்றாமல், புள்ளி வைத்தாள். தலைவி அந்தப் புள்ளியை அளந்து பார்த்தாள். பிறகு, வாந்திக்கு மாத்திரை வாங்கி வைத்துக்கொள் என்றாள். இடம் கிடைத்துவிட்டது.

கிளம்பும் காலையில் படகுத்துறைப் படிக்கட்டில் நின்றோம். உயிர்காப்புச் சட்டையில் அவள் ஓர் ஆரஞ்சுத் தலையணைபோல இருந்தாள்.

"பயமா இருக்கு" என்றேன்.

"எனக்குந்தான். உங்கள நெனச்சு." படகில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். "ட்ரெயின்ல கவிதை யோசிக்காதிய. ஒழுங்கா செம்பூர்ல எறங்குங்க. கடைசி ஸ்டேஷன் பன்வேல்ல இருந்து போன் வந்தா படகத் திருப்ப மாட்டேன், சொல்லிட்டேன்."