மஞ்சள் கிழங்கு விழாத படம்

போன வெள்ளிக்கிழமை காலை எக்ஸ்ரே அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். இதே அறையில் எக்ஸ்ரே எடுத்த இப்ராகிம் அண்ணனின் மச்சான் கோரிப்பாளையத்திலிருந்து சைக்கிளில் வந்தார். “அக்கா, மச்சான் மௌத்தாயிட்டாரு” என்றார். அண்ணன் இறந்துவிட்டார் என்று கேட்டதும் விளக்குமாற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் அண்ணனிடம் படமெடுத்துக்கொண்டவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதராஸ் யுனிவர்சிட்டிக்காரர்கள் அண்ணனுக்கு ஓர் ஆராய்ச்சி வேலை கொடுத்திருந்தார்கள். பஞ்சு மில்லுப் பெண்களின் நெஞ்சைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். தூசி நுரையீரலை என்ன செய்கிறது என்று அங்கே பார்ப்பார்கள். படம் தெளிவாக இருந்தால்தான் வேலை நிலைக்கும். பெண்களைக் கூட்டிவந்து நிறுத்த ஆஸ்பத்திரி ஆயாவான என்னைச் சேர்த்துக்கொண்டார்.

மூச்சைப் பிடிக்கச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. “மாமியாளுக்குப் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்துவீகல்ல தாயி, அப்படி நிறுத்துங்க!” என்பார். அவர்கள் சிரித்துப் படம் ஆடிப்போகும். தானும் சிரித்துவிட்டு மறுபடி எடுப்பார்.

சிக்கல் தாலியில் வந்தது. தங்கம் படத்தில் வெள்ளையாக விழும். கழற்றச் சொன்னால் சண்டைக்கு வந்தார்கள். “எம் புருசன் கல்லுக்குண்டாட்டம் இருக்காரு, நான் எதுக்குக் கழட்டணும்?” என்றாள் ஒருத்தி. நான் அண்ணனிடம் சொல்லாமல், மறைப்புத் துணிக்குப் பின்னால் எல்லாருடைய தாலியையும் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு அனுப்பினேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

கழுவின படம் ஒவ்வொன்றிலும் தாலி வெள்ளைவெளேரென்று நின்றது. மறுபடி எடுக்க நாளில்லை, அப்படியே அனுப்பினார். பட்டணத்திலிருந்து கடிதம் வந்தது: அடுத்த கட்டுப் படங்களும் இப்படி வந்தால் வேலையை மூடிவிடுவோம் என்று.

அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “முதுகுல ஒளிச்சா தெரியாதுன்னு நெனச்சியா? இந்த வெளிச்சத்துக்கு முன்னாடி பின்னாடியெல்லாம் கெடையாது தாயி!” பிறகு, தப்பு தன்னுடையது என்று பதில் எழுதினார். “எதுக்குண்ணே?” என்றேன். “ஒம் பேர எழுதுனா ஒன்னைய வீட்டுக்கு அனுப்பிருவாக. எம் பேருன்னா திட்டுவாக, அம்புட்டுத்தான்” என்றார்.

அன்று வீட்டுக்கு நடக்கையில்தான் தோன்றியது. தாலி பழுது பார்க்கப் பத்தரிடம் போனால் நாங்கள் வெறும் கழுத்தோடா இருப்போம்? மஞ்சள் கயிற்றில் ஒரு கிழங்கைக் கட்டிக்கொள்வோமே! மறுநாள் மில்லுப் பெண்கள் முன்னால் நானே கயிற்றைக் கட்டிக்கொண்டு, அதன் பிறகு தாலியைக் கழற்றிப் படத்துக்கு நின்றேன். அண்ணன் ஈரம் சொட்டச் சொட்டப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். “பாருங்க தாயிகளா! கெழங்கும் இல்ல, கயிறும் இல்ல, நெஞ்சு மட்டுந்தான்!” கல்லுக்குண்டு புருசன்காரிதான் முதல் ஆளாக, “எனக்கொரு கெழங்கு குடுக்கா” என்று கை நீட்டினாள். வேலை நிலைத்தது.

கடைசி அறிக்கையை அனுப்பும்போது அதன் நகல் ஒன்றைத் தந்தார். “கெட்ட படத்துக்கு எம் பேரு, நல்ல படத்துக்கு ஒம் பேரு” என்று இரண்டு இடத்தைத் தொட்டுக் காட்டினார். எக்ஸ்ரே கதிர் பட்டுப் பட்டுக் கறுத்த விரல் அது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த இரண்டு பெயரும் எந்தெந்த வரியில் இருக்கின்றன என்று மட்டும் தெரியும். அண்ணனுடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தாள்தான்.