தண்ணீர் கேட்கும் வாக்கியம்

எனக்குப் பொறுமை கிடையாது. பிள்ளைகளுக்கு மொழி சொல்லித்தரப் போகிறேன் என்றதும் என் கணவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆனாலும் போடிமெட்டுக்குக் கீழே, ஏலத்தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து வரும் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மத்தியானங்களில் சர்ச்சை ஒட்டிய ஹாலில் ஜெர்மன் சொல்லித்தருகிறேன். இவர்களின் அம்மாக்கள் நர்சுகள். சிலர் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள், சிலர் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். பின்னாலேயே பிள்ளைகளும் போக வேண்டும். நானும் போனவள்தான். மூன்று வருஷம் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஏன் வந்துவிட்டாய் என்று கேட்பவர்களிடம் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்பேன். இந்த மலைக்குளிரில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வரும்.

வகுப்பில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். உள்ளே வந்ததும் தண்ணீர் பாட்டிலை என் மேசையில் வைத்துவிட வேண்டும். தாகம் எடுத்தால் ஜெர்மனில், முழு வாக்கியமாகக் கேட்டால்தான் கிடைக்கும். "இஷ் மெஷ்டெ வாஸர், பிட்டெ." எனக்குத் தண்ணீர் வேண்டும், தயவுசெய்து. கோட்டயத்தில் நான் படித்த கோச்சிங் சென்டரில் டீக்கு இதே சட்டம்தான். இரண்டே வாரத்தில் பிள்ளைகளுக்கு வாய் திறந்துவிட்டது. எனக்கு அதில் பெருமை வேறு.

ஒரு சின்னப் பெண்ணைத் தவிர. ஆறு வயது, புதிதாகச் சேர்ந்தவள். அவள் அம்மா போன மாதம்தான் விமானம் ஏறியிருந்தாள். அன்று நல்ல வெயில். லயத்திலிருந்து மேடேறி நடந்து வந்ததில் முகம் கன்றிப்போயிருந்தது. மேசைக்கு வந்து பாட்டிலையே பார்த்தாள்.

"தண்ணி வேணும் டீச்சர்."

"முழுசா ஜெர்மன்ல கேளு."

"வாஸர்."

"முழுசா."

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கு உதடு துடித்தது. எனக்கு வீம்பு. ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த வாரம் எல்லோரும் ஏய்ப்பார்கள் என்று பாட்டிலை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"வா...ஸர், பிட்டெ" என்றாள். முதல் எழுத்தை இழுத்து, பாதியில் மூச்சை விட்டு, மிச்சத்தை விழுங்கி.

அது ஜெர்மனியில் நான் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டியின் குரல்.

முதியோர் இல்லத்தில் ஜன்னலோரப் படுக்கை அவருடையது. தொண்டை சரியாக வேலை செய்யவில்லை. வெறும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும் என்று, பொடி கலந்து கூழாக்கிய தண்ணீரைத்தான் ஸ்பூனில் கொடுக்க வேண்டும். அவர் துப்பிவிடுவார். குழாயைக் காட்டி, "வா...ஸர், பிட்டெ" என்பார். முடியாது என்பேன். சட்டம் தப்பில்லை. ஆனால் கடைசி நாட்களில் இருப்பவர்களுக்கு, டாக்டரிடம் கேட்டால் ஒரு வாய் அனுமதிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கேட்பதற்கான வாக்கியமும் தெரியும், முழுசாகவே தெரியும். வேலை நிரந்தரமாகாத சமயம். வந்ததும் வராததுமாக வாய் நீளுகிறது என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்து கேட்காமல் இருந்தேன். நான்கு நாள் என்னிடம் கெஞ்சினார். ஐந்தாம் நாள் எனக்கு லீவு. ஆறாம் நாள் போனபோது படுக்கையில் புது விரிப்பு விரித்திருந்தது.

இந்தப் பெண்ணுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "எல்லாரும் சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

"வா...ஸர், பிட்டெ."

பன்னிரண்டு பேரும். அதே இழுப்பு, அதே மூச்சு. வேறு யார் சொல்லிக்கொடுத்தது, நான்தான். அந்தச் சொல்லை இத்தனை நாளும் அவர் குரலில்தான் சொல்லிவந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். பயமாக இருந்தது. அழுகையும் வந்தது.

பாட்டிலைத் திறந்து அவள் வாயில் வைத்தேன். இல்லத்தில் பழகியபடி என் கை தானாக அவள் மோவாயைக் கீழே தாழ்த்திப் பிடித்தது. மறு கை தொண்டையைத் தொட்டு, இறங்குகிறதா என்று பார்த்தது.

"மெதுவா... கொஞ்சமா... முழுங்கிட்டியா?"

அவள் என் கையைத் தள்ளினாள்.

"எனக்குக் குடிக்கத் தெரியும் டீச்சர்."

பாட்டிலைப் பிடுங்கி, அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். கழுத்தெல்லாம் வழிந்தது.

இப்போது பாட்டில்கள் அவரவர் கையிலேயே இருக்கின்றன. கேட்க வேண்டியதே இல்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்கள், அந்தக் குரலில். செய்துகொண்டிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துபோய் மூடியைத் திறந்து கொடுக்கிறேன். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.