தரிசு போட்ட கார்டு

எங்கள் அய்யா தன் ஆயுளில் கடன் கார்டைத் தேய்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு துண்டு வாங்குவதற்காக.

ராமநாதபுரத்தில் அந்தப் பெரிய ஜவுளிக்கடை திறந்த புதிதில், வாசலில் மேசை போட்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் பிடித்துக் கடையின் பெயரிலேயே கடன் கார்டு கொடுத்தார்கள். மிளகாய் மூடையைப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்த அய்யாவும் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நாளில் நயினார்கோவில் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குத் தபாலில் கார்டு வந்துவிட்டது. அதில் அவர் பெயர் இங்கிலீஷில் புடைத்துக்கொண்டு நின்றது. இங்கிலீஷ் தெரியாத மனுஷன் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"நம்ம பேருதானா தாயி?"

"இல்ல, கலெக்டர் பேரு" என்றேன். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் போய் ஒரு துண்டு எடுத்தார். கடன் வாங்கிய துண்டை உதறித் தோளில் போட மனசு வரவில்லை போலும், மறுநாளே பஸ் ஏறிப் போய்ப் பணத்தைக் கட்டினார். கவுண்டரில் இருந்த பெண், "அதுக்கு இன்னும் டயம் இருக்குய்யா. நீங்க ஒழுங்கா வச்சிருந்தா லிமிட்டக் கூட்டித் தருவாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அந்த வார்த்தையை அய்யா பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு வந்தார். ஒழுங்காக வைத்திருப்பது என்றால் அவர் அகராதியில் தொடாமல் இருப்பது. மண்ணை ஒரு வருசம் தரிசாகப் போட்டால் அடுத்த வருசம் மிளகாய் காய்க்கிற காய்ப்பை வாழ்நாளெல்லாம் பார்த்தவர், கார்டுக்கும் அதே கணக்கைப் போட்டுவிட்டார்.

"கை வைக்காமப் போட்டு வச்சா இதுவும் வலுக்கும். ஒன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி இதுலதான்" என்றார்.

"காசு குடுத்து எடுத்தா ஆகாதாக்கும்?" என்றாள் அம்மா.

"சம்மந்தி வீட்டுக்காரவுக முன்னாடி மடிய அவுத்து அழுக்கு நோட்ட எண்ணிக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

அவ்வளவுதான் அவர் ஆசை. கல்யாண ஜவுளி எடுக்கிற அன்றைக்கு, நாலு பேர் பார்க்க, சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்ட வேண்டும். வேறு எதற்கும் அவர் அதைத் தொடவே இல்லை. பீரோவில் பாலிதீன் உறைக்குள் வருசக்கணக்காகக் கிடந்தது. ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வரும். மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கிற ஸ்பிரேயர், அதற்குப் பக்கத்தில் கார்டு. எல்லாவற்றுக்கும் போல அதற்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். நான் கிண்டல் செய்தால், "இதும் ஆயுதந்தான், போ அங்கிட்டு" என்று விரட்டுவார்.

கடையிலிருந்து இங்கிலீஷில் மெசேஜ்கள் வந்திருக்கும். அவருடைய பட்டன் போனுக்குக் கண்ட கம்பெனிக்காரனும் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் ஒன்றுபோல அழித்துவிடுவார்.

எனக்குச் சாயல்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. ஜவுளி எடுக்க இரண்டு வீட்டாரும் ஒரே வேனில் போனோம். எங்கள் பக்கம் வழக்கம் அதுதான். பெண்ணுக்கு முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டார் எடுப்பார்கள், மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை பெண் வீட்டார் எடுப்பார்கள். யார் என்ன எடுத்தார்கள் என்பது கல்யாணம் முடிந்து வெகுநாள் வரைக்கும் பேச்சில் இருக்கும். அய்யா அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பையில் கார்டு தெரியட்டும் என்று மெல்லிசுத் துணிச் சட்டையாகப் பார்த்துப் போட்டிருந்தார் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

நல்ல கரை போட்ட பட்டு வேட்டியாக அவரே தேர்ந்தெடுத்தார். பில் போடுகிற இடத்தில் கார்டை நீட்டினார். அங்கே இருந்தவர் தேய்த்தார். துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தார். காய்ந்த குங்குமத்தை நகத்தால் சுரண்டிவிட்டும் தேய்த்தார். பிறகு கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, கடை இரைச்சலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இத மூடி ரொம்ப நாளாச்சுய்யா. வருசக்கணக்கா யூஸ் பண்ணாம விட்டா கம்பெனியே க்ளோஸ் பண்ணிரும். மெசேஜ் வந்திருக்குமே?"

"நான் ஒரு பாக்கியும் வைக்கலயே தம்பி."

"பாக்கி இல்லய்யா. நீங்க ஒண்ணும் வாங்கவே இல்ல. அதான்."

"வாங்காம இருந்தது ஒரு தப்பா?"

பில் போடுகிறவர் கார்டைத் திருப்பி நீட்டினார். வேண்டுமானால் புதிதாக எழுதிக் கொடுக்கலாம், கார்டு வர நாளாகும் என்றார். பின்னால் வரிசை நெருக்கியது. அய்யா மடியைத் தடவினார். வேன் வாடகைக்கும் காபிக்கும் மட்டும்தான் கொண்டு வந்திருந்தார். கார்டு இருக்கும்போது ரொக்கம் எதற்கு என்று அம்மா எடுத்து வைத்த பணத்தைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர்.

மாமனாருடைய அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "கார்டு கண்ணுல காட்ட மட்டும்தானோ?" என்றாள். இன்னும் தாலி ஏறவில்லை, என் வாயிலிருந்து தப்பித்தாள்.

என் மாமனார் முன்னால் வந்து பணத்தை எடுத்து வைத்தார். "விடுங்க சம்மந்தி. யாரு குடுத்தா என்ன, நம்ம பிள்ளைகளுக்குத்தான?" என்றார். நல்ல மனுஷர், மனசாரத்தான் சொன்னார். குத்திக் காட்டியிருந்தால் அய்யா திருப்பி நாலு வார்த்தை பேசித் தலை நிமிர்ந்திருப்பார். இந்த நல்ல வார்த்தைக்கு அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. திரும்பும்போது வேனில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலையிலேயே பணத்தை எடுத்துக்கொண்டு சாயல்குடிக்குப் போனார். மாமனார் வாங்கவில்லை. "கல்யாணத் துணிக்குக் குடுத்தத திருப்பி வாங்குனா நல்லாருக்காது" என்று சொல்லி, சாப்பிட வைத்து அனுப்பியிருக்கிறார். அந்த வீட்டில் அய்யா சாப்பிட்டது அதுதான் கடைசி. முகூர்த்தத்தன்று அந்த வேட்டியைத் தாம்பாளத்தில் வைத்து மாப்பிள்ளைக்கு நீட்டியபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் எனக்கு அட்சதை போட்டார்கள், நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் மிளகாய் வத்தலும் துவரையுமாகச் சுமந்து வருவார், "இப்பத்தான் சாப்பிட்டு வாரேன்" என்று தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புவார். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தால் அந்த வேட்டிதான் தெரிகிறது என்று அம்மாவிடம் சொன்னாராம். பாவி மனுஷன், ஒரு வேட்டிக்காக மகள் வீட்டுச் சோற்றை வேண்டாம் என்றார்.

தலைதீபாவளிக்குத்தான் காத்திருந்தார். ஒரு நாள் போனில், குரலில் பழைய தெம்போடு பேசினார்.

"தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு வேட்டி நாந்தான் எடுப்பேன். அதே கடையில, ரொக்கமா. ஒன் மாமனாரையும் கூட்டிக்கிட்டு வரணும், என்ன?"

"சரிய்யா. கூட்டிட்டு வாரேன்."

"அவரு பையில கை விடக் கூடாதுன்னு சொல்லிப்பிடு."

புரட்டாசியில், கொல்லையில் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. குளிப்பாட்டுவதற்காகச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். பையில் அந்தக் கார்டு இருந்தது. செத்த கார்டை எதற்குச் சுமந்துகொண்டு திரிந்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. புடைத்து நின்ற எழுத்து தேய்ந்து, பெயர் பாதிதான் தெரிந்தது.

மத்தியானத்துக்கு மேல் சாயல்குடியிலிருந்து சம்மந்தி வீட்டார் கோடி கொண்டு வந்தார்கள். இறந்தவருக்குப் புதுத்துணி போர்த்துவது அவர்கள் முறை. கொட்டுச் சத்தத்தோடு தெருவில் நடந்து வந்தார்கள். மாமனார் கையில் இருந்த பையைப் பார்த்தேன். அதே கடையின் பை. அவர் வேட்டியைப் பிரித்து, "சம்மந்தி, சம்மந்தி" என்று அழுதுகொண்டே அய்யாவின் மேல் போர்த்தக் குனிந்தார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, எழுந்து ஓடி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, இதுக்கு நாங்க குடுத்துர்றோம். எம்புட்டுன்னு சொல்லுங்க, குடுத்துர்றோம்" என்று கத்தினேன். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பெண்கள் என்னை இழுத்தார்கள். அம்மாவுக்கு மட்டும் புரிந்தது. அவள் எழுந்து உள்ளே போய், தீபாவளிக்கென்று அய்யா டப்பாவில் போட்டு வைத்திருந்த பணத்தை அப்படியே கொண்டு வந்து மாமாவிடம் நீட்டினாள்.

அந்த வேட்டிக்கும் மாமா பணம் வாங்கவில்லை.