வெற்றிலை துப்ப விட்ட ஓட்டை

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், இரண்டாவது வருஷம் என்று நினைவு, ஜொகூரில் காஹாங் பக்கத்துப் ரப்பர்ப் பால்மரத் தோட்டம் ஒன்றில் நான் டிரைவராக இருந்தேன். வயது இருபத்திரண்டு. கையெழுத்துப் போடச் சொன்னால் கட்டைவிரலை நீட்டுகிற ஆள். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். படிக்க நன்றாக இருந்தால் அவள் புண்ணியம், கோணலாக இருந்தால் அது நான்.

தோட்டத்தில் ஒரு பெரிய கார் இருந்தது. வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு ஊர் சுற்ற வாங்கியது. முன்பக்கம் இரும்பு, பின்பக்கம் முழுக்கப் பலகை, எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். துரை சண்டைக்குப் பயந்து சிங்கப்பூருக்கு ஓடும்போது சின்னக் காரை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டார். பெட்ரோல் கிடையாது. அதனால் காரின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டியிருந்தார்கள். உயரமான தகர உருளை. அதில் கரியைப் போட்டு, கையால் விசிறியைச் சுற்றி மூட்டினால், அதிலிருந்து வரும் வாயுவில் என்ஜின் ஓடும். ஓடும் என்றால், மனசு வந்தால் ஓடும். மேட்டில் நாங்கள் இறங்கித் தள்ளுவோம்.

இந்தக் காருக்கு ஒரு வியாதி இருந்தது. வெயிலிலும் மழையிலும் கிடந்து பலகை எல்லாம் சுருங்கி, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் போகிற அளவு இடைவெளி. இறக்கத்தில் கொஞ்சம் வேகம் பிடித்தால் போதும், காற்று அதில் புகுந்து 'ஊய்ய்ய்' என்று ஊளையிடும். தோட்டத்து நாய்களெல்லாம் பதிலுக்கு ஊளையிடும். தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கு எழுதும் ஆபீஸ்காரர், அந்தக் காரில்தான் மனைவியோடு மாதாகோயிலுக்குப் போவார். அந்தம்மா பின்னாலிருந்து கேட்பார்:

"ஏன் தம்பி, நீ கார் ஓட்டுறியா, நாதஸ்வரம் வாசிக்கிறியா?"

"ரெண்டும்தாம்மா. ஆனா ஒரு சம்பளந்தான் குடுக்குறாங்க."

கிராணி சிரிக்கமாட்டார். கழுத்துப்பட்டி கட்டிய மனிதர்.

குளுவாங் போகும் வழியில் ஒரு பெரிய இறக்கம். அடியில் பாலம், பாலத்தில் ஜப்பான்காரன் காவல். அங்கே யாராக இருந்தாலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும். ஒரு நாள் நான் தனியாகக் கரி மூட்டை ஏற்றிக்கொண்டு அந்த இறக்கத்தில் இறங்கினேன். பிரேக்கை நம்ப முடியாது. கார் தன் இஷ்டத்துக்கு வேகம் பிடித்து ஊளையிட ஆரம்பித்தது. கீழே பார்த்தால் காவல்காரனைக் காணோம். எனக்கோ சந்தோஷம். பாலத்தில் போய் நின்ற பிறகுதான் சாக்கடைக்குள்ளிருந்து ஒரு தொப்பி எழுந்தது. என் கார் சத்தத்தைக் குண்டு விழுகிற சத்தம் என்று நினைத்துக் குப்புற விழுந்திருக்கிறான் பாவம். மூக்கு முதல் முழங்கால் வரை சேறு.

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

விட்டான் ஒரு அறை. எந்தக் கன்னம் என்று இப்போதுகூட என் பல்வரிசையைப் பார்த்தால் தெரியும். பிறகு காரைக் காட்டி, காதைக் காட்டி, அரைகுறை மலாயில் கத்தினான்: "பீசிங் லகி, கிரேத்தா அம்பில்!" மறுபடி சத்தம் கேட்டால் காரை எடுத்துக்கொள்வான், அவ்வளவுதான்.

தோட்டத்துக்கு வந்து சொன்னதும் கிராணியின் முகம் வெளுத்துவிட்டது. அந்தம்மாவுக்கு ஒன்பதாவது மாதம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்து மருத்துவச்சி கையில் பிறந்து, ஒரு நாள்கூடத் தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது குளுவாங் ஆஸ்பத்திரியில் பிறக்க வேண்டும் என்று அந்த மனிதர் மாதா படத்துக்கு முன்னால் மண்டியிட்டே தேய்ந்துபோயிருந்தார். கார் போனால் மாட்டு வண்டிதான்.

"டேய், அந்தக் காத்து எங்கருந்து வருதுன்னு கண்டுபிடி. அடை. இல்லன்னா நாந்தான் உன்ன அடைப்பேன்."

கண்டுபிடித்த முறை எனக்கு இன்றும் பெருமை. ஒரு கோழி இறகை நூலில் கட்டிக் கிராணி கையில் கொடுத்தேன். நான் காரை ஓட்ட, அவர் கழுத்துப்பட்டியோடு பின்னால் உட்கார்ந்து, கதவு ஓரம், கண்ணாடி ஓரம், கூரை ஓரம் என்று இறகைப் பிடித்துக்கொண்டே வந்தார். எங்கே ஆடுகிறதோ அங்கே சுண்ணாம்பால் ஒரு புள்ளி. தோட்டமே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. "கிராணி ஐயா கோழிக்கு மந்திரிக்கிறாரு" என்று ஒரு பொம்பளை கத்தினாள். அவர் அவளை முறைத்தபடி அடுத்த புள்ளியை வைத்தார்.

அடைக்க என்ன இருக்கிறது? பால்மரத் தோட்டத்தில் வேறென்ன இருக்கும்? ரப்பரை வாங்க ஆளில்லாத காலம். மரத்துப் பால் வாளி வாளியாகக் கிடைத்தது. பழைய சாக்கைக் கிழித்துப் பாலில் நனைத்து, புள்ளி வைத்த இடமெல்லாம் திணித்தேன். மேலே மூன்று தடவை பால் பூசினேன். கதவின் ஓரத்திலும் பூசினேன், கதவு போய் உட்காரும் சட்டத்திலும் பூசினேன். இரண்டு பக்கமும் பூசினால் இரட்டிப்புப் பலம் என்று என் கணக்கு. இரண்டு நாள் கதவுகளைத் திறந்துபோட்டுக் காயவைத்தேன்.

ஒரே ஒரு ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. என் காலடியில், பிரேக்குக்குப் பக்கத்தில், பலகை உளுத்துப்போய் ஒரு கை அகலத்துக்கு ஓட்டை இருந்தது. நான் வெற்றிலை போடுகிறவன். ஓட்டிக்கொண்டே குனிந்து அதில்தான் துப்புவேன். எட்டி வெளியே துப்பினால் காற்று அதைப் பின்னால் கொண்டுபோய் அந்தம்மா சேலையில் சேர்த்துவிடும். கிராணி இறகைக் கொண்டுவந்தபோது, "இங்க ஒண்ணும் இல்லீங்கய்யா" என்று காலை வைத்து மறைத்துக்கொண்டேன்.

ஓட்டிப் பார்த்தோம். ஒரு சத்தம் இல்லை. கோயில் கருவறை மாதிரி அமைதி. தோட்டமே கைதட்டியது. இறங்கும்போது கதவு 'சர்ர்ர்' என்று பிளாஸ்திரி பிரிகிற மாதிரி பிரிந்தது.

"என்னடா இது?" என்றார் கிராணி.

"அவ்வளவு சுத்தமான வேலைங்கய்யா."

பச்சை ரப்பரும் பச்சை ரப்பரும் சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று அந்தத் தோட்டத்தில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கைதட்டல் வாங்கிய மயக்கத்தில் மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அந்தம்மாவுக்கு வலி கண்டது. நல்ல மழை. அடுப்பை மூட்டி, கண்ணாடிகளை ஏற்றி, நான்கு கதவையும் ஓங்கிச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். பின்னால் அந்தம்மா, "மாதாவே, மாதாவே" என்று முனகிக்கொண்டு. பக்கத்தில் கிராணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

பாதி வழியில் எதிரே ராணுவ லாரிகள். ஓரமாக ஒதுங்கி நின்றோம். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன், எனக்குத் தெரிந்த எண்ணெல்லாம் தீர்ந்துபோனது. என்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கிளப்ப மழையில் விசிறி சுற்ற வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றோம்.

"தம்பி, தலை கிறுகிறுங்குது. கொஞ்சம் கண்ணாடிய இறக்கேன்" என்றார் அந்தம்மா.

இறக்கிப் பார்த்தேன். இறங்கவில்லை. பால் பிடித்துக்கொண்டது. "மழைத் தண்ணி உள்ள வரும்மா, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று சமாளித்தேன். இன்று நினைத்தாலும் என்னையே நான் அறைந்துகொள்ளத் தோன்றுகிற இடம் அது.

லாரிகள் போய், நாங்களும் கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் முனகல் நின்றுவிட்டது. ஆகா, சத்தமில்லாத காரில் வலிகூடக் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். கிராணியும் வாயைத் திறக்கவில்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தால் அவர் தலை மனைவி தோளில் சாய்ந்திருந்தது. தூங்கட்டும் மனுஷன் என்று விட்டுவிட்டேன். எனக்கும் நெற்றியில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி இருந்தது. மரவள்ளிக்கிழங்கை வெறும் வயிற்றில் தின்றதால் என்று நினைத்தேன். துப்பலாம் என்று குனிந்தபோது அந்த ஓட்டையிலிருந்து சூடாக என்னமோ முகத்தில் பட்டது. அதற்குமேல் யோசிக்க மூளை ஓடவில்லை.

இறக்கம் வந்தது. கார் பூனை மாதிரி இறங்கிப் பாலத்தில் நின்றது. அதே காவல்காரன். சத்தமில்லாமல் வந்து நின்ற காரைப் பார்த்து முதலில் அவனே கொஞ்சம் முழித்தான். கும்பிட வேண்டுமே, கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. தோளால் இடித்தேன். அசையவில்லை. கையில் பலமும் இல்லை. சரி, கும்பிடு எங்கிருந்து போட்டால் என்ன என்று உட்கார்ந்தபடியே ஸ்டீயரிங்கில் நெற்றி படக் கும்பிட்டேன். தலை அங்கேயே நின்றுவிட்டது. தூக்க முடியவில்லை. நெற்றிக்கடியில் ஹாரன் மட்டும் விடாமல் அலறியது.

"துருன்! துருன்!" இறங்கு, இறங்கு என்கிறான். பிறகு, "பகேரோ!" மடப்பயலே என்று அர்த்தம், அந்தக் காலத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

துப்பாக்கிக் கட்டை வந்து என் பக்கத்துக் கண்ணாடியில் விழுந்தது. சில்லுச் சில்லாக மடியில் கொட்டியது. குளிர்ந்த மழைக் காற்று முகத்தில் அடித்தது. கண்ணைத் திறந்தேன். அவன் கை என் சட்டையைப் பிடித்து ஜன்னல் வழியாக இழுத்துக்கொண்டிருந்தது. அறைவதற்குத்தான். கை ஓங்கினவன் உள்ளே பார்த்தான். பின்சீட்டில் அந்தம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு, வாய் பிளந்து, துணி மாதிரி கிடந்தார். பக்கத்தில் கிராணியும் அப்படியே.

ஓங்கிய கை இறங்கியது. பின் கண்ணாடியையும் உடைத்தான். அப்படியும் கதவு திறக்காததால், துப்பாக்கி முனையில் இருந்த கத்தியைக் கதவு இடுக்கில் விட்டு, என் இரட்டிப்புப் பலத்தை மேலிருந்து கீழ்வரை அறுத்தான். நானும் ஜன்னல் வழியாக விழுந்து எழுந்து, அவனோடு சேர்ந்து இருவரையும் பாலத்துப் பலகையில் இழுத்துப் போட்டேன். மழை முகத்தில் கொட்டியது. கிராணி முதலில் இருமினார். அந்தம்மா அசையவில்லை. மாதாகோயில் வாசலைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போகாத நான், "மாதாவே, மாதாவே" என்று அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ. பிறகு ஒரு பெரிய வாந்தி, முழுக்க என் மேல். அதைவிட நல்ல பொருள் எதுவும் என் மேல் விழுந்ததில்லை.

எழுந்து நின்றதும் காவல்காரன் எனக்கு ஒரு அறை விட்டான். கும்பிடாத பாக்கி. பிறகு போ போ என்று கையை ஆட்டினான்.

அங்கிருந்து குளுவாங் வரை கண்ணாடி இல்லாமல், கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போனோம். கார் அப்படி ஊளையிட்டு நான் கேட்டதில்லை. பின்னாலிருந்து கிராணி கத்தினார்:

"இன்னும் வேகமா ஓட்டுடா! நல்லா ஊதட்டும்! அவ கண்ண மூடாம இருக்கணும்!"

"காது வலிக்குதுங்க" என்றார் அந்தம்மா ஈனக் குரலில்.

"வலிக்கட்டும்!"

அன்று மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. அழுகை ஆஸ்பத்திரி வாசல் வரை கேட்டது. டாக்டருக்கு உதவியாக மருந்து போடும் டிரெஸ்ஸர் என்னைக் கூப்பிட்டு, காருக்கு அடியில் புகைக்குழாய் எங்கேயோ ஓட்டையாகியிருக்கும், கரிப் புகை கார் உள்ளே ஏறியிருக்கிறது, அதில் மணமே தெரியாத ஒரு விஷம் ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும் என்றார். உள்ளே எந்த வழியாக வந்தது என்று கேட்டார். மேலே இருந்த வழியெல்லாம் அடைத்து, கீழே வரும் வழியை மட்டும் திறந்துவைத்தவன் நான். வெற்றிலையை மென்றுகொண்டு நின்றேன். துப்பக்கூட மனசு வரவில்லை, விழுங்கிவிட்டேன்.

திரும்பி வந்ததும் கிராணியிடம் அந்த ஓட்டையைக் காட்டினேன். கழுத்துப்பட்டி தரையில் படக் குனிந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "பொண்ணுக்கு நல்ல தொண்டைடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் காவல்காரனை நல்லவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் லயத்திலிருந்து சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஏற்றிப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. முதல் கண்ணாடியை அவன் கோபத்தில்தான் உடைத்தான். இரண்டாவதை எதற்கு உடைத்தான் என்று நானும் இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். கோபத்தில் இல்லை என்பது மட்டும் தெரியும்.

இப்போது பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் என் மகன், குடும்பத்தோடு போகப் பெரிய கார் வாங்கியிருக்கிறான். கதவைச் சாத்தினால் ஊசி விழுந்தாலும் கேட்கும். ஏறி உட்கார்ந்ததும் நான் என் பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிடுவேன். "அப்பா, காத்து சத்தம் லா, ஏர்கோன் எல்லாம் வெளிய போகுது" என்று அவன் சலித்துக்கொள்வான். நான் காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பேன். நான் உருப்படியாகச் செய்து முடித்த ஒரே வேலை மூன்று உயிரைக் கொல்லப் பார்த்தது. அதனால் அந்த ஊளைச் சத்தம் காதில் விழுந்தால்தான் பின்சீட்டில் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள் என்று எனக்கு நம்பிக்கை வருகிறது.