பாதியில் நின்ற முள்

எங்கள் மாமா யாரையும் எளிதில் நம்பியவர் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முள்ளை நம்பினார், அதுவும் டேங்கர் வேலையின் முதல் நாளில்.

அதற்கு முன் ஐந்து வருடம் செங்கல் லாரி ஓட்டியவர். செங்கல் லாரிக்காரர்களுக்கு டேங்கர் என்றால் கிட்டத்தட்ட கலெக்டர் உத்தியோகம்: காக்கிச் சட்டை, பூட்ஸ், ஞாயிற்றுக்கிழமை தூக்கம். எண்ணெய் டிப்போவில் கிளார்க்காக இருந்த மாமாவின் மச்சான், அதாவது அத்தையின் அண்ணன்தான், மேலதிகாரியிடம், "பொறுப்பான ஆளு சார், நான் கேரண்டி" என்று சொல்லி வேலையை வாங்கிக் கொடுத்தார். தங்கையிடம் சொன்னது வேறு: "உன் வீட்டுக்காரர் சொதப்பினா என் மானமும் சேர்ந்து கப்பலேறும்."

முதல் லோடு பன்னிரண்டாயிரம் லிட்டர் டீசல். நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பங்க். மாமா வண்டியை மூன்று சுற்று சுற்றினார். டயரைத் தட்டினார், வால்வைத் தடவிப் பார்த்தார், தீயணைப்பானைக் குழந்தையைப் போலத் தூக்கிப் பார்த்தார். மச்சான் வால்வில் கம்பி கோத்து சீல் வைத்து, அதன் எண்களை எழுதிய சீட்டை நீட்டினார்.

"மாப்ளே, இந்த சீலை பங்க் மேனேஜர்தான் அறுக்கணும். நடுவுல அறுந்துச்சுன்னா நீங்க திரும்ப செங்கல்லுக்கு. நான் உங்க லாரிக்குக் கல்லு ஏத்தி இறக்க."

டேஷ்போர்டில் டீசல் முள் பாதி காட்டியது. மாமா கிளம்பினார். வழியில் எதிர்ப்பட்ட லாரிகளெல்லாம் ஒதுங்கி மரியாதை செய்வதாகத் தோன்றியதாம். பங்குக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது இன்ஜின் இருமியது, குலுங்கியது, நின்றது. முள் மட்டும் பாதியிலேயே இருந்தது. அது செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததால் யாரும் சொல்லவில்லை.

பக்கத்தில் பங்க்சர் கடை. மாமா காலி கேனோடு இறங்கினார்.

"அண்ணே, கொஞ்சம் வண்டியைப் பாத்துக்கங்க. யாரையும் கிட்ட நின்னு சிகரெட் பத்தவைக்க விடாதீங்க."

"உள்ள என்ன?"

"டீசல்."

"அப்புறம் ஏன் நின்னுச்சு?"

"டீசல் இல்ல."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு டயருக்குத் திரும்பினார்.

முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டாயிரம் லிட்டர். ஒரு கம்பியை அறுத்தால் போதும், ஐந்து லிட்டர் குறைந்தது கடவுளுக்குக்கூடத் தெரியாது. ஆனால் அறுந்த சீல் மச்சானுக்குத் தெரியும். மாமா வெயிலில் நடந்தார்.

பங்க் வாசலில் 'ஸ்டாக் இல்லை' பலகை. காலையிலிருந்து காத்திருந்த வண்டிகள் வளைந்து தெருவை அடைத்திருந்தன. காக்கிச் சட்டையைக் கண்டதும் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"லோடு எப்பங்க வரும்?"

"வந்துருச்சு. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி நிக்குது. அஞ்சு லிட்டர் டீசல் கிடைச்சா இங்க வந்துரும்."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்த சிரிப்பைப் பற்றி மாமா கடைசிவரை விவரம் சொல்லவில்லை.

வரிசையில் முதலில் நின்றது ஓர் அமரர் ஊர்தி. அதன் டிரைவர் மட்டும் சிரிக்காமல், டேங்கில் குழாயை விட்டு உறிஞ்சி, கேனை நிரப்பிக் கொடுத்தார்.

"உங்களுக்கு அவசரம் இல்லையாண்ணே?"

"என் கஸ்டமருங்க யாரும் லேட்டுன்னு புகார் பண்ணதில்ல தம்பி."

மாமா திரும்பி நடந்து, டீசலை ஊற்றி, கை பம்பை அமுக்கி அமுக்கி லைனிலிருந்த காற்றை வெளியேற்றி, முகமெல்லாம் கறையோடு பங்குக்குள் நுழைந்தார். மேனேஜர் சீட்டையும் சீலையும் ஒத்துப் பார்த்து, "சரியா இருக்கு" என்று அறுத்தார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருப்பதாக மாமா சொல்வார்.

வீடு சேருமுன்பே செய்தி சேர்ந்துவிட்டது. அதன்பின் முப்பது வருடம், எங்கள் வீட்டில் யார் இலையில் கை வைத்தாலும் மச்சான் ஆரம்பிப்பார்: "அண்டா சோத்தைத் தலையில வச்சுக்கிட்டுப் பட்டினி கிடந்தவர் நம்ம மாப்ளே." மாமா சட்டையில் டீசல் வாசனையோடு எங்களுக்கு நடுவே உட்கார்ந்து, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். வெளியாட்களிடம் மட்டும் மச்சானின் பேச்சு மாறும்: "ஒரு சீல் அறுந்ததில்ல அவர் கையில. நான் கேரண்டி."

போன வருடம் மாமாவை ஏற்றிக்கொண்டு போக அமரர் ஊர்தி வந்து நின்றது. கைத்தடியோடு மச்சான் மெதுவாக டிரைவர் பக்கம் போனார்.

"தம்பி, டீசல் இருக்கா?"

"அரை டேங்க் இருக்குங்கய்யா."

"முள் சொல்லுதா, நீ பாத்தியா?"

அழுதுகொண்டிருந்த அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சான் சிரிக்கவில்லை. டிரைவர் இறங்கி, டேங்க் மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டுப் பார்க்கும்வரை அவர் வண்டியைக் கிளம்ப விடவில்லை.