நாற்பது புள்ளியில் தோற்ற இடம்

அன்றைக்கு மைதானத்தில் அப்பா இருந்தார், டொரன்டோவிலிருந்து வந்திருந்த மாமா இருந்தார், நான் இருந்தேன். அம்மா இல்லை. தையல் தொழிற்சாலையில் அவருக்குச் சனிக்கிழமையும் வேலை. ஆங்கிலத்தில் படிக்க எனக்குப் பயம் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அடுத்த வருடம் பொறியியல் படிக்க பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதா, ஆங்கிலப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதா என்று, மொன்றியலின் வில்லரே பகுதியில் எங்கள் வீட்டில் இரண்டு வாரமாக இதே பேச்சு. ஏழு வயதில் மொன்றியலுக்கு வந்ததிலிருந்து நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஆங்கிலம் தொலைக்காட்சியில் பொறுக்கியது. பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்துக்கே போக விரும்பினேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்படிப்பட்டவன் போய், பயம் என்று எப்படிச் சொல்வது?

மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. "அத்தான், பிரெஞ்சு இடத்தின்ர பேரை டொரன்டோவில சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது. இங்கிலீஷ் இடத்தைச் சொல்லிப் பாருங்கோ, கதிரை போட்டு இருத்துவாங்கள்."

அப்பாவின் அளவுகோல் வேறு. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடங்களின் கிரிக்கெட் ஆட்டத்தன்று மதிலுக்கு வெளியே நின்று கச்சான் கடலை விற்றவர். எந்த ஆட்டத்துக்குச் சனம் முட்டுகிறதோ அதுதான் அவருக்குப் பெரிய பள்ளிக்கூடம். "பேர் கிடக்கட்டும் மச்சான். சனிக்கிழமை ரெண்டு பகுதியும் புட்போல் அடிபடுகினமாம். போய்ப் பாப்பம்" என்றார்.

காலையில் வேலைக்குப் போகும்போது அம்மா கதவடியில் நின்று சொன்னார்: "இண்டைக்கு அப்பாட்டைச் சொல்லு. அவர் கடிக்கமாட்டார்."

"பேந்து சொல்லுறன்" என்று தள்ளிப்போட்டேன்.

மைதானத்தில் அப்பா எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். காலால் உதைக்கிற பந்தாட்டம் இல்லை இது, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டிமோதி ஓடுகிற கனடிய ஆட்டம். தலைக்கவசங்கள் மோதும் சத்தம் மேலே எங்கள் வரிசை வரைக்கும் வந்தது. "பந்தைக் காட்டாமல் ஒளிச்சுக்கொண்டெல்லோ ஓடுறாங்கள். இதென்ன விளையாட்டு, களவு மாதிரி" என்றார் அப்பா. மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைகளைக் குளிர்ச்சட்டைப் பைகளுக்குள் விட்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுப் பகுதி வென்றால் அப்பா அதையே பெரிய இடம் என்பார், நான் வாயே திறக்கத் தேவையில்லை.

முருகன் குறை வைக்கவில்லை. பிரெஞ்சுப் பகுதி நாற்பது புள்ளி வித்தியாசத்தில் வென்றது. முன்னால் இருந்த பெடியள் எழும்பி ஆடினார்கள். நானும் எழும்பினேன்.

அப்பா எழும்பவில்லை. மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இப்பிடி அடி வாங்கியும் அவையின்ர பேர் டொரன்டோ வரைக்கும் நிக்குதெண்டா, படிப்பில எவ்வளவு பெரிய இடமா இருக்கவேணும்."

"அதைத்தானே அத்தான் நான் ரெண்டு கிழமையாச் சொல்லுறன்" என்றார் மாமா.

அப்பா என் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி, உனக்குச் சரிதானே?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். "ஓம் அப்பா" என்றேன். மெட்ரோவில் வீடு வரும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி இருந்தேன். பக்கத்திலிருந்த மாமா, குளிருக்குத்தான் என்று நினைத்துத் தன் கழுத்துத் துணியைக் கழற்றித் தந்தார்.

அடுத்த செப்டெம்பரில் அந்தப் பேர்பெற்ற வகுப்பில் உட்கார்ந்தேன். விரிவுரையாளர் பகிடி விட்டால் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தேன். கேள்வி கேட்டுவிடுவார் என்று தூணுக்குப் பின்னால் இடம் தேடினேன். டிசம்பரில் ஐந்து பாடங்களில் மூன்றில் தவறினேன்.

பெறுபேற்றுத் தாளை மேசையில் வைத்து எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் தாளைத் தொடவில்லை. "அண்டைக்கு அங்கேயே சொல்லியிருக்கலாமே, தம்பி. எனக்கு அந்த ஆட்டம் ஒண்டும் விளங்கேல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே."

அந்தத் தவணையோடு அங்கிருந்து விலகி, அடுத்த வருடம் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்துக்கு மாறினேன். நான் சொன்ன அந்த "ஓம்", ஒரு தவணைக் கட்டணமும் புத்தகங்களுமாக, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது டொலர்.