பெட்டியில் வந்த இடியன்

புஸ்பவதி பயந்த பிறவிதான். பல்லி சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போடுவாள். ஆனால் 1986இல், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்திலிருந்த சிறு நகரத்தில், அகதிகளுக்குக் கொடுத்த ஹைம் என்ற விடுதியின் இரண்டாம் மாடியில் அவளைப் பிடித்து ஆட்டிய பயம் வேறு. அதை எடுத்து மேசையில் வைத்தவர் அவளுடைய புருஷன்.

விஜயரத்தினம் காங்கேசன்துறையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தவர். இங்கே அகதி வழக்கு முடியும்வரை வேலை செய்ய அனுமதி இல்லை. இரண்டு வருஷமாகச் சும்மா இருந்த மனுஷன் ஹைமிலிருந்த உடைந்த கதவுப்பிடி, ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் திருத்தி முடித்தார். பிறகு உடையாதவற்றையும் கழற்றத் தொடங்கினார். ஜெர்மன் படிப்பிக்க வரும் வேபர் ஐயா, ஓய்வுபெற்ற தபால்காரர், இதைக் கவனித்துவிட்டு ஒருநாள் பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்பெயினிலிருந்து அவர் ஆசையாக எடுப்பித்தது. விரல் மூட்டெல்லாம் வாதம் வந்ததால் பொருத்திப் பூட்ட முடியாமல் நிலவறையில் கிடந்ததாம்.

உள்ளே அரைகுறையாகச் சீவிய வாதுமைக் கட்டை, முழங்கை நீள இரும்புக் குழல், சிக்கிமுக்கிக் கல், சின்னப் பைகளில் திருகாணிகள்.

"இஞ்சாருங்கோ, என்ன இது?"

"இடியன் துவக்கு. வன்னியில காட்டுப் பண்டி சுடுவினமே, குழல் வாயால மருந்தை இடிச்சு, அந்தச் சாதி. இது ஸ்பெயின்காரன்ர பழைய கைத்துவக்கின்ர பிரதி. ஐயா சுவரில மாட்டப்போறார். அனுமதிக் கடதாசியெல்லாம் இருக்காம்."

"எங்கட விசாரணை டெர்மினுக்கு மூண்டு கிழமைதான் கிடக்கு. துவக்குச் செய்யிற நேரமோ இது?"

"பயப்பிடாதையும்" என்றார் அவர். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அந்த மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. மெழுகுதிரிப் புகையில் குழலைக் கறுப்பாக்கி, கட்டையின் பள்ளத்தில் வைத்து அழுத்துவார். கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் மெல்லச் சுரண்டுவார். திரும்பவும் புகை, திரும்பவும் சுரண்டல். குழல் கட்டைக்குள் நூல் இடைவெளி இல்லாமல் குந்தியபோது சீட்டியடித்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சீட்டியடித்து அவள் கேட்டதில்லை. சந்தோஷப்பட வேண்டியவள் கதவுப் பக்கமே காதை வைத்திருந்தாள். படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் போதும், மேசைமேல் துவாயை எறிந்து மூடினாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. எண்பத்து நாலில் ஆமி வீட்டுக்கு வந்து தேடியபோது கூரைக்குள் ஓரடி நீளத் தண்ணிக் குழாய் அகப்பட்டது. பம்பு திருத்த விஜயரத்தினம் பட்டறையிலிருந்து கொண்டுவந்து செருகியது. துவக்குக் குழல் என்றார்கள். வீட்டில் நின்ற அவளுடைய தம்பியை ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அவனைக் காணவில்லை.

இது அவர்களுடைய அன்ட்ராக் என்ற அகதி விண்ணப்பத்தில் ஒரு வரிகூட இல்லை. ஹைமில் எல்லாருக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை, "துவக்கு கிவக்கெண்டு எழுதினா உங்களையும் ஆயுதம் தூக்கின இயக்கம் எண்டு நினைப்பாங்கள். பொதுவா எழுதுவம்" என்றிருந்தார். விஜயரத்தினம் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார். அவளும் வைத்தாள்.

டெர்மினுக்கு நாலு நாள் இருந்தது. துவக்கு முடிந்து, எண்ணெய் காய்வதற்காக யன்னலோரம் கிடந்தது. அவர் ஜெர்மன் வகுப்புக்குப் போன காலைநேரம், வெளியே பொலிஸ் வண்டியொன்று நின்றது. அது யாருக்காக நின்றதோ, உடனே போய்விட்டது. ஆனால் புஸ்பவதியின் கை அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டது. ஊரில் சுற்றிவளைப்பு என்றால் வீட்டிலுள்ள வில்லங்கமான சாமான் எல்லாம் கிணற்றுக்குள் போகும். இங்கே கிணறு இல்லை, நெக்கார் ஆறு இருந்தது. துவக்கைத் துவாயில் சுற்றி, பாலத்தின் நடுவில் நின்று, விட்டுவிட்டாள்.

நாயோடு நடக்க வந்த ஒரு கிழவி பார்த்துக்கொண்டு நின்றது அவளுக்குத் தெரியாது. துவாய் விலகியதையும் அவள் கவனிக்கவில்லை. அந்த ஊரில் கோட்டுக்குக் கீழே சேலைக்கரை தெரிய நடப்பவள் அவள் ஒருத்திதான். மத்தியானமே பொலிஸ் கதவைத் தட்டியது.

வேபர் ஐயா கடதாசியோடு ஓடிவந்தார். வைத்திருந்தது குற்றமில்லை என்றார்கள். பிறகு ஏன் ஆற்றில் போட்டாய் என்று கேட்டு, அவள் வாய் திறக்காததையும் எழுதிக்கொண்டு போனார்கள். விஜயரத்தினம் அவளைத் திட்டவில்லை. நாலு நாளும் அவளோடு ஒரு சொல் பேசவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

விசாரணைக்கு அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க வத்சலா என்ற இந்தியத் தமிழ் மாணவி வந்திருந்தாள். "டென்ஷன் ஆகாதீங்க, ஸ்லோவா சொல்லுங்க" என்றாள். அதிகாரி கோப்பைத் திறந்தார். மேலேயே பொலிஸ் கடதாசி கிடந்தது.

"அது விளையாட்டுச் சாமான் மாதிரி ஒண்ணுதானே, ஏன் வீசினீங்கன்னு கேக்கிறார். இந்த ஊர்ல யார் வந்து என்ன பண்ணுவாங்கன்னு நினைச்சீங்க?"

புஸ்பவதி பொய் ஒன்று சொல்ல நினைத்தாள், கிடைக்கவில்லை. "ஆர் எண்டு தெரிஞ்சா நான் இப்பிடிப் பயப்பிட மாட்டன், பிள்ளை" என்று தொடங்கினாள். பிறகு தம்பியைச் சொன்னாள். கூரையைச் சொன்னாள். குழாயைச் சொன்னாள்.

"இது அப்ளிகேஷன்லயே இல்லையேங்கிறார்."

"ஓம். எழுதேல்லை. இப்ப சொல்லுறன்."

வெளியே வந்தபோது எல்லாம் கெட்டது, திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்றே நினைத்தாள். நடைவாசல் வாங்கில் உட்கார்ந்திருந்த விஜயரத்தினம் எழும்பினார். நாலு நாளுக்குப் பிறகு முதல் சொல் வந்தது.

"என்ன கேட்டவங்கள்?"

"தம்பியைச் சொல்லிப்போட்டன்."

அவர் முகம் வெளுத்தது. "குழாய்?"

"அதையும். ஆரின்ர குழாய் எண்டு கேட்டவங்கள். தெரியாதெண்டு சொன்னன்."

உள்ளேயிருந்து அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் சேர்ட்டை இழுத்துச் சரிசெய்தார். கதவுவரை போய்த் திரும்பினார்.

"என்ரை எண்டு நான் சொல்லுறன்" என்றுவிட்டு உள்ளே போனார்.